பிள்ளைக்கு இரட்டைக் குடியுரிமை வாங்க முடியுமா? சேலத்துக் குடும்பங்களுக்கு ஓர் எளிய விளக்கம்

ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் மட்டுமல்ல, ஓமலூர், ஆத்தூர், வாழப்பாடி கிராமங்களிலும் இன்று மகனோ மருமகளோ பேத்தியோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி இது: "பாப்பா அமெரிக்காவில் பிறந்திருக்கிறாள், அந்த ஊர்க் குடியுரிமை இருக்கிறது. நம்ம ஊர்க் குடியுரிமையையும் சேர்த்து வாங்கிவிடலாமா?"

நேரடியான பதில், முடியாது. வளர்ந்த ஒருவர் இரண்டு நாட்டுக் குடிமகனாக இருப்பதை இந்தியா ஏற்பதில்லை. அரசியலமைப்பின் 9-ஆவது பிரிவும், 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவும் இதைத்தான் சொல்கின்றன. இந்தியக் குடிமகன் தன் விருப்பத்தோடு இன்னொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால், அந்த நொடியிலேயே இந்தியக் குடியுரிமை போய்விடும். யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை, தானாகவே போகும். ஆனால் குழந்தைகள் விஷயத்தில் சட்டம் ஒரு சின்ன இடைவெளியை விட்டிருக்கிறது. அப்புறம், குடியுரிமை இல்லாமலேயே இந்த மண்ணோடு உறவை வைத்துக்கொள்ள, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ கார்டு இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல குடும்பங்கள் சிக்கலில் மாட்டுகின்றன.

முதலில் அடிப்படை. ஒரு குழந்தைக்குக் குடியுரிமை இரண்டு வழியில் வரும். ஒன்று பிறந்த மண், இன்னொன்று பெற்றோர். அமெரிக்காவும் கனடாவும் பிறந்த மண்ணைப் பார்க்கும் நாடுகள். அமெரிக்காவில் 1868-இல் வந்த 14-ஆவது அரசியலமைப்புத் திருத்தம்தான் இதற்கு ஆதாரம். தற்காலிக விசாவில் இருப்பவர்களின் குழந்தைகளுக்கு இந்த உரிமை கிடையாது என்று 2025 ஜனவரி 20 அன்று அங்கே ஓர் அதிபர் ஆணை வந்தது. நீதிமன்றங்கள் அதைத் தடுத்தன, வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. எச்1பி எனப்படும் தற்காலிக வேலை விசாவில் இருக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், பிரசவத் தேதிக்கு முன்னால் அந்த வழக்கின் நிலையைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் அப்படியல்ல. பிரிட்டனில் 1983 முதல், பெற்றோரில் ஒருவராவது அந்நாட்டுக் குடிமகனாகவோ நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவராகவோ இருந்தால்தான் அங்கே பிறக்கும் குழந்தை பிரிட்டிஷ் குடிமகன். ஆஸ்திரேலியாவில் 1986 ஆகஸ்ட் 20 முதல் ஏறக்குறைய இதே விதி. ஜெர்மனியில் பெற்றோரில் ஒருவர் 5 ஆண்டு சட்டப்படி வசித்து, நிரந்தர வசிப்பு உரிமையும் வைத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் பிறந்தால் மட்டும் போதாது, அப்பா அல்லது அம்மா அந்நாட்டவராக இருக்க வேண்டும். துபாய், மஸ்கட், தோஹாவில் நம்மவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை என்ற பேச்சே இல்லை. அந்தக் குழந்தைகளுக்கு இருப்பது இந்தியக் குடியுரிமை ஒன்றுதான். அதனால் வளைகுடாவில் இருக்கும் பெற்றோர்தான் அடுத்து வருவதை மிகக் கவனமாகப் படிக்க வேண்டும்.

வெளிநாட்டில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தால் குழந்தை தானாக இந்தியராகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு அது உண்மையல்ல. பிறந்த ஓராண்டுக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்தால்தான் அந்தக் குழந்தை வம்சாவளிப்படி இந்தியக் குடிமகன். ஓராண்டு தாண்டினால் மத்திய அரசின் அனுமதி தேவை. உள்ளூர் மருத்துவமனை தரும் பிறப்புச் சான்றிதழ் மட்டும் இதற்குப் போதாது, தூதரகப் பதிவு தனி. பதிவு செய்யும்போது, குழந்தையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் நான் சொன்ன இடைவெளி வருகிறது. டெக்சாஸில் பிறந்த குழந்தையை இப்படித் தூதரகத்தில் பதிந்துவிட்டால், அந்தக் குழந்தை பிறந்த மண்ணால் அமெரிக்கர், பெற்றோரால் இந்தியர். சட்டம் இதைத் தெரிந்தேதான் அனுமதிக்கிறது. ஆனால் ஒரு கெடு உண்டு. குடியுரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி, 18 வயது முடிந்த 6 மாதத்துக்குள் பிள்ளை மற்ற நாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும். ஆக, சிறுவயதில் இரண்டு குடியுரிமை இருக்கலாம், இரண்டு பாஸ்போர்ட் இருக்கக் கூடாது. இதை மட்டும் மனதில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நடைமுறையில் அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்த வழியை எடுப்பவர்கள் குறைவு. காரணம் எளிது. அமெரிக்கக் குடிமக்கள் அமெரிக்காவுக்குள் வரவும் வெளியேறவும் அமெரிக்க பாஸ்போர்ட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். பாட்டியைப் பார்க்கக் குழந்தையை ஒரு தடவை சேலம் கூட்டி வர வேண்டும் என்றாலும் அந்த பாஸ்போர்ட் எடுத்தாக வேண்டும். எடுத்ததும் இந்தியக் கணக்கில் அந்தக் குழந்தை வெளிநாட்டவர். எனவே அமெரிக்க பாஸ்போர்ட், அதோடு ஓசிஐ கார்டு என்பதுதான் பெரும்பாலோர் போகும் பாதை.

"ரெண்டு பாஸ்போர்ட்டும் எடுத்து பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், யாருக்குத் தெரியப் போகிறது" என்று சொல்லும் உறவினர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். தயவுசெய்து கேட்காதீர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பிறகு இந்திய பாஸ்போர்ட்டைப் பயன்படுத்துவது 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம், அபராதமும் உண்டு. பெரியவர்கள் செய்யும் இந்தக் காரியத்தின் விளைவை, பின்னால் ஓசிஐ கேட்டுப் போகும்போது பிள்ளைதான் சுமக்கிறது.

தாய்வீட்டுப் பிரசவம்

நம் வழக்கப்படி முதல் பிரசவம் அம்மா வீட்டில். வெளிநாட்டில் வாழும் பெண் ஏழாம் மாதத்தில் சேலம் வந்து, இங்கேயே ஒரு மருத்துவமனையில் குழந்தை பிறந்தால் என்ன ஆகும்? இதைப் பற்றித் தமிழில் யாரும் தெளிவாகச் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்த குழந்தை இந்தியராக இருக்க, பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவர் அல்ல என்றிருக்க வேண்டும். (இந்தக் கடைசி நிபந்தனை நம் மாவட்டத்தில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களின் குழந்தைகளை எப்படிக் கட்டிப்போடுகிறது என்பது வேறொரு பெரிய கதை. இங்கேயே பிறந்து இங்கேயே படிக்கும் பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கு இன்னும் ஒரு நல்ல வழி பிறக்கவில்லை என்பது என் மனதை உறுத்துகிற விஷயம்.)

அம்மா, அப்பா இருவரும் இந்திய பாஸ்போர்ட்டோடு, கிரீன் கார்டில் (நிரந்தர வசிப்பு அட்டை) அமெரிக்காவில் இருப்பவர்கள் என்று வைத்துக்கொள்வோம். சேலத்தில் பிறக்கும் குழந்தை இந்தியக் குடிமகன் மட்டுமே. பிறப்புச் சான்றிதழை வைத்து இந்திய பாஸ்போர்ட் எடுக்கலாம், சேலத்திலேயே அஞ்சலக பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. கிரீன் கார்டு வைத்திருக்கும் தாய், பிரசவத்துக்குப் பிறகு முதல் தடவை திரும்பும்போதே குழந்தையையும் கூட்டிச் சென்றால், குழந்தைக்கு 2 வயது ஆகும் முன்பாக இருந்தால், விசா இல்லாமலேயே உள்ளே அனுமதிக்கும் வசதி உண்டு. குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு அம்மா மட்டும் ஒரு தடவை போய்வந்துவிட்டால் அந்த வசதி போய்விடும். பல குடும்பங்களுக்கு இது தெரியாது.

அம்மா அமெரிக்கக் குடிமகள், அப்பா இந்தியர் என்றால் கதையே வேறு. குழந்தை பிறப்பால் இந்தியர். அம்மா பிரசவத்துக்கு முன்பு மொத்தம் 5 ஆண்டு அமெரிக்காவில் இருந்து, அதில் 2 ஆண்டாவது தன் 14 வயதுக்குப் பிறகு இருந்திருந்தால், குழந்தை பிறந்த நொடியிலேயே அமெரிக்கரும்கூட. சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இந்தப் பிறப்பைப் பதிந்து பாஸ்போர்ட் வாங்குவார்கள். குழந்தையோடு அமெரிக்காவுக்குத் திரும்புவதாக இருந்தால், இந்திய விசா எதுவும் இல்லாத அந்த பாஸ்போர்ட்டில் விமான நிலையத்தைத் தாண்ட முடியாது. முன்கூட்டியே எஃப்ஆர்ஆர்ஓ எனப்படும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்து வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். டிக்கெட் போட்ட பிறகு இதைத் தெரிந்துகொள்வது கொடுமை.

பெற்றோர் குடியுரிமை மாறும்போது

சேலத்தில் பிறந்து, நான்கைந்து வயதில் பெற்றோரோடு அமெரிக்கா போய், கிரீன் கார்டு வாங்கிய பிள்ளைகள் நிறைய. அப்பா அல்லது அம்மா அமெரிக்கக் குடியுரிமை வாங்கும் நாளில், பிள்ளை 18 வயதுக்குள் இருந்து, கிரீன் கார்டோடு அவர்களுடன் வாழ்ந்தால், பிள்ளையும் அன்றே தானாக அமெரிக்கக் குடிமகனாகிவிடும். 2001 பிப்ரவரி 27 முதல் இந்தச் சட்டம் இருக்கிறது. அதன்பின் பிள்ளைக்கு அமெரிக்க பாஸ்போர்ட் எடுத்ததும், கையிலிருக்கும் இந்திய பாஸ்போர்ட்டை இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஓசிஐ விண்ணப்பம் நகராது.

"பெரியவன் ஆனதும் இந்தியக் குடியுரிமையைத் திரும்ப வாங்கிக்கொள்வான், சட்டத்தில் இடம் இருக்கிறது" என்றும் ஒரு நம்பிக்கை உலவுகிறது. குடியுரிமைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவில் அப்படி ஓர் இடம் உண்மையாகவே உண்டு. ஆனால் பெற்றோர் முறையாக அறிவிப்புக் கொடுத்துக் குடியுரிமையைத் துறந்திருந்தால்தான் அது பொருந்தும். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியதால் தானாக இழந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. சிங்கப்பூர் குடியுரிமை பெற்ற தமிழ்ப் பெற்றோரின் மகன் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சொன்னதை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, இந்த வேறுபாட்டை உறுதியாக்கிவிட்டது. வெளிநாட்டுக்குப் போகும் நம் பெற்றோரில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகைதான்.

ஓசிஐ கார்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

ஓசிஐ என்பது ஆயுள் முழுக்கச் செல்லும் விசா. எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம், எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் தங்கலாம், காவல் நிலையத்தில் பதிய வேண்டியதில்லை. ஏற்காட்டில் இருக்கும் உறைவிடப் பள்ளிகளில் பேரனைச் சேர்க்க மாணவர் விசா தேவையில்லை. பெற்றோர் இருவருமே இன்னும் இந்தியக் குடிமக்களாக இருந்தாலும், ஒருவர் மட்டும் இந்தியராக இருந்தாலும், அவர்களுடைய வெளிநாட்டு பாஸ்போர்ட் குழந்தைக்கு ஓசிஐ கிடைக்கும். ஆனால் பாகிஸ்தான், பங்களாதேஷ் குடியுரிமைத் தொடர்பு முன்னோரில் இருந்தால் கிடைக்காது.

ஓட்டுரிமை இல்லை. தேர்தலில் நிற்க முடியாது. அரசு வேலை பொதுவாக இல்லை. இவை பலருக்குத் தெரிந்தவை. படிப்பும் நிலமும்தான் குடும்பங்களை நிஜமாகப் பாதிக்கும் இரண்டு விஷயங்கள்.

படிப்பைப் பொறுத்தவரை 2021 மார்ச் 4 என்ற தேதியை நினைவில் வையுங்கள். அன்று வந்த மத்திய அரசு அறிவிப்புப்படி, நீட், ஜேஇஇ போன்ற நுழைவுத் தேர்வுகளில் ஓசிஐ பிள்ளைகள் என்ஆர்ஐ (வெளிநாடு வாழ் இந்தியர்) இடங்களுக்குத்தான் போட்டியிட முடியும். இந்தியக் குடிமக்களுக்கு மட்டும் என ஒதுக்கிய இடங்கள் அவர்களுக்கு இல்லை. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இது 2021 மார்ச் 4-க்குப் பிறகு ஓசிஐ வாங்கியவர்களுக்குத்தான், அதற்கு முன் வாங்கியவர்களுக்கு அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. பேத்தியை இங்கே வளர்த்து, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியில் படிக்க வைக்க வேண்டும் என்று ஆசைப்படும் தாத்தா, இன்று பிறக்கும் பேத்திக்கு வெளிநாட்டு பாஸ்போர்ட் எடுக்கும் முன் இதை யோசித்தாக வேண்டும்.

அடுத்து நிலம். சேர்வராயன் மலையில் இது மிக முக்கியமானது. ஓசிஐ வைத்திருப்பவர் சேலத்தில் வீடு வாங்கலாம், மனை வாங்கலாம், அஸ்தம்பட்டியில் ஒரு ஃபிளாட் வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் வாங்க முடியாது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டமும் மிளகுத் தோட்டமும் இந்தத் தடைக்குள்தான் வருகின்றன. வாழப்பாடியில் பாக்குத் தோப்பு வாங்குவதும் அப்படியே. கவனியுங்கள், வெளிநாட்டில் வசிக்கும் மகன் இந்திய பாஸ்போர்ட்டே வைத்திருந்தாலும் அவருக்கும் இந்தத் தடை உண்டு.

ஓர் உதாரணம். ஒரு தாத்தாவுக்கு ஏற்காட்டில் 3 ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. அமெரிக்கப் பேரன் பெயருக்கு உயிரோடு இருக்கும்போதே தான செட்டில்மென்ட் எழுதிவைக்க ஆசைப்படுகிறார். அன்னியச் செலாவணி விதிகள் இதை அனுமதிக்கவில்லை. வீட்டையும் மனையையும் நெருங்கிய உறவினர் தானமாகத் தரலாம், தோட்டத்தைத் தர முடியாது. ஆனால் உயில் எழுதிவைத்து, அவர் காலத்துக்குப் பின் பேரன் வாரிசாக அடைவதில் தடையில்லை. பின்னால் அந்தத் தோட்டத்தை விற்பதாக இருந்தால் இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்குத்தான் விற்க முடியும், இன்னொரு ஓசிஐ உறவினருக்குக் கைமாற்ற முடியாது. பத்திரம் எழுதப் போவதற்கு முன்னால், அன்னியச் செலாவணி விதிகள் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் இதைக் கேட்டுவிடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகிவிட்டது என்பதால் எல்லாம் சரியாகிவிட்டதாக அர்த்தமில்லை.

வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடு கடமைகளும் சேர்ந்தே வரும். அமெரிக்கக் குடிமகன் உலகத்தில் எங்கே வாழ்ந்தாலும், வருமானம் வரம்பைத் தாண்டினால் அங்கே வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பேரன் பெயரில் பாட்டி போட்டு வைக்கும் வைப்புத்தொகையும் இதில் மாட்டும்: வெளிநாட்டுக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரை ஆண்டில் ஒரு நாள் தாண்டினாலும் அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். சிங்கப்பூரில் ஆண் பிள்ளைகளுக்குத் தேசிய சேவை கட்டாயம், அங்கே பிறந்து வளராத குடிமகனுக்கும் அது பொருந்தும்.

காகிதமும் பெயரும்

விண்ணப்பம் நின்றுபோவதற்கு நம் ஊரில் முதல் காரணம் இனிஷியல். அப்பா பெயர் பழனிசாமி, மகன் செந்தில்குமார் என்று வையுங்கள். பள்ளிச் சான்றிதழில் பி. செந்தில்குமார், ஆதாரில் செந்தில்குமார் பி, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் பழனிசாமி. இவருக்கு ஒரு மகள் பிறந்தால் அமெரிக்கச் சான்றிதழில் அவள் பெயரோடு பழனிசாமி ஒட்டிக்கொள்ளும், அதாவது தாத்தா பெயர். அதில் தவறில்லை, அழகுதான். ஆனால் அப்பாவின் எல்லாக் காகிதத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருக்க வேண்டும். அம்மாவுக்கு இன்னும் சிக்கல். குழந்தையின் அமெரிக்கப் பிறப்புச் சான்றிதழில் பெரும்பாலும் திருமணத்துக்கு முந்தைய பெயர் வரும், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்ந்திருக்கும். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன் எழுதிய உறுதிமொழிப் பத்திரத்தோடு திருமணப் பதிவுச் சான்றிதழும் இருந்தால்தான் இது தீரும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். கோயிலிலோ மண்டபத்திலோ கல்யாணம் முடிந்த கையோடு பதிவும் செய்துவிட்டால், பின்னால் வெளிநாட்டிலிருந்து அலைய வேண்டியதில்லை.

இங்குள்ள பிறப்புச் சான்றிதழையும் திருமணச் சான்றிதழையும் வெளிநாட்டில் காட்ட வேண்டியிருந்தால், அவை உண்மையானவை என்று அரசு சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரை வாங்குங்கள். ஓசிஐ விண்ணப்பத்தில் அம்மா, அப்பா இருவரின் கையெழுத்தும் வேண்டும். விவாகரத்து ஆன குடும்பமானால் குழந்தை யார் பொறுப்பில் என்ற நீதிமன்ற உத்தரவை இணைக்க வேண்டும். கட்டணம் வெளிநாட்டில் 275 டாலர், இந்தியாவில் விண்ணப்பித்தால் 15,000 ரூபாய். குழந்தை சேலத்தில் தங்கியிருக்கும்போதே விண்ணப்பிப்பதானால் சென்னை எஃப்ஆர்ஆர்ஓ வழியாகத்தான், ஆனால் சுற்றுலா விசாவில் வந்த குழந்தைக்கு அது நடக்காது.

கார்டு வந்ததோடு வேலை முடியவில்லை. குழந்தையின் பாஸ்போர்ட் 5 ஆண்டுக்கு ஒருமுறை மாறும். 20 வயது வரை ஒவ்வொரு புதுப் பாஸ்போர்ட்டையும் புதுப் புகைப்படத்தையும் 3 மாதத்துக்குள் ஓசிஐ இணையதளத்தில் ஏற்ற வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. 20 வயது முடிந்து எடுக்கும் முதல் பாஸ்போர்ட்டுக்குப் பிறகு ஒரே ஒரு முறை கார்டையே புதிதாக வாங்க வேண்டும். அந்த வயதில் அல்லது அதற்குப் பிறகு, இனி ஊரோடே இருந்துவிடலாம் என்று பிள்ளைக்குத் தோன்றினால் சட்டத்தில் அதற்கும் வழி உண்டு: 5 ஆண்டாக ஓசிஐ வைத்திருந்து, விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதம் இந்தியாவில் வசித்திருந்தால், மற்ற நாட்டுக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியக் குடிமகனாகப் பதிவு செய்யக் கேட்கலாம்.